வில்லங்கம் பார்க்காமல் ரிக்வயர்மென்ட்டை நகர்த்தாதீர்கள்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வண்ணார்பேட்டையில் நெரிசல் கூடுவதற்குள் வீடு போய்ச் சேரலாம் என்ற அவசரத்தில், எங்கள் காற்றாலை சிஸ்டத்தின் 180 ரிக்வயர்மென்ட்டுகளை (சிஸ்டம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய வரிகளை) எக்ஸெல்லில் இறக்கி, டூலில் வேறு காம்பொனென்ட்டுகளில் (ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள தனிப் பெட்டிகளில்) ஏற்றி, பழைய இடத்தில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுக் கிளம்பினேன். பார்க்க சுத்தமாக இருந்தது. சிஸ்டம் என்ற ஒரே மூட்டைக்குள் கிடந்ததெல்லாம் கன்ட்ரோலர், கேட்வே, திரை என்று தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொரு டீமுக்கும் அதனதன் பங்கு கையில் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் டெஸ்ட் டீமிலிருந்து தம்பி ஒருவன் வந்து நின்றான். "அண்ணாச்சி, நம்ம டெஸ்ட் கேஸ்ல பாதி அம்போன்னு நிக்கி. லிங்கைத் தட்டினா எங்கேயும் போக மாட்டேங்கி."

அதைச் சரி செய்ய ஒன்பது வேலை நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரிக்வயர்மென்ட்டுகளை வைத்துப் பராமரிக்கும் டூல்களில் நான் அதிகம் புழங்கியது டோர்ஸ், டோர்ஸ் நெக்ஸ்ட் இரண்டிலும்தான். நீங்கள் போலாரியனோ ஜாமாவோ வைத்திருந்தால் பட்டன் பெயர்கள் மாறும், வில்லங்கம் மாறாது.

ஊர் நகரவில்லை, மாவட்டம்தான் மாறியது

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில்காரர், ஆலங்குளத்துக்காரர் எல்லாம் ஒரே நாளில் திருநெல்வேலி மாவட்டத்தை விட்டு வெளியே போனார்கள். யார் வயலும் ஓர் அடி நகரவில்லை. பட்டாவின் தலைப்பில் மாவட்டத்தின் பெயர் மாறியது, கீழே புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் இருந்தபடியே இருந்தன. அதனால்தான் பேங்க்கில் அடமானம் வைத்த பத்திரம் செல்லாமல் போகவில்லை.

ரிக்வயர்மென்ட்டுகளை நாம் காம்பொனென்ட் பிரிக்கும்போதும் மனதில் இதைத்தான் நினைத்துக்கொண்டு பிரிக்கிறோம். ஆனால் சாஃப்ட்வேர் அப்படி நடந்துகொள்வதில்லை. பெரும்பாலான டூல்களில் ஒரு காம்பொனென்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு 'நகர்த்துவது' என்பது, அங்கே புதிதாக ஒரு நகலை உண்டாக்கிவிட்டு இங்கே இருப்பதை ஒழிப்பது. பழைய டோர்ஸில் ஒரு மாட்யூலிலிருந்து (டூலுக்குள் இருக்கும் ஆவணத்திலிருந்து) இன்னொரு மாட்யூலுக்கு ஒரு ரிக்வயர்மென்ட்டைக் காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள், அங்கே அதற்கு வேறு எண்தான் கிடைக்கும், ஏனென்றால் அந்த எண் மாட்யூலுக்கு மாட்யூல் தனி. அதுவரை அதில் யார் எப்போது என்ன திருத்தினார்கள் என்ற சரித்திரமும் கூட வராது. வாசகம் அதே வாசகம்தான், ஆனால் டூலின் கண்ணில் அது நேற்றுப் பிறந்த குழந்தை. பழைய எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த டெஸ்ட் கேஸ், டிசைன், ரிவ்யூ குறிப்பு, வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடிதம் எல்லாம் இல்லாத முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டும்.

கார் சம்பந்தப்பட்ட வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கெடுபிடி. கார் மின்னணு சிஸ்டங்களின் பாதுகாப்புக்கான தரமான ஐஎஸ்ஓ 26262-இன் 8-ஆம் பாகம், பாதுகாப்பு ரிக்வயர்மென்ட் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் இருக்க வேண்டும், அது கடைசி வரை மாறக் கூடாது என்கிறது. ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து "காம்பொனென்ட் பிரிச்சோம், அதான் நம்பர் மாறிப்போச்சு" என்று சொல்லிப் பாருங்கள்.

முதலில், பிரிக்கத்தான் வேண்டுமா

இதைக் கேட்காமல் வேலையில் இறங்குபவர்கள்தான் அதிகம். என் கணக்கில் நியாயமான காரணங்கள் மூன்றுதான்: அந்தப் பகுதி இன்னொரு டீமின் கைக்குப் போகிறது, அல்லது அதை இன்னொரு புராடக்ட்டிலும் அப்படியே பயன்படுத்தப் போகிறீர்கள், அல்லது அது வேறு தேதியில் தனியாக ரிலீஸ் ஆகிறது. ஒரு காம்பொனென்ட்டுக்குத் தனி ஸ்ட்ரீம் (தொடர்ந்து திருத்தப்படும் பிரதி), தனி பேஸ்லைன் (ஒரு நாளில் இருந்தபடியே உறைய வைத்த நகல்) என்று வைப்பதே தனியாக வளர விடுவதற்காகத்தான். எப்போதும் சேர்ந்தே ரிலீஸ் ஆகும் இரண்டைப் பிரித்து வைத்தால் இரட்டை வேலைதான் மிச்சம்.

புது மேனேஜர் வந்திருக்கிறார், அவருக்குப் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் காரணமே இல்லை. அதற்கு ஒரு வியூ போட்டுக் கொடுங்கள், ஃபில்டர் போட்டுக் கொடுங்கள், 'பொறுப்பு டீம்' என்று ஓர் ஆட்ரிபியூட் (கூடுதல் விவரக் கட்டம்) சேர்த்து அதை வைத்துப் பிரித்துக் காட்டுங்கள். டோர்ஸ் நெக்ஸ்ட்டில் ஒரே காம்பொனென்ட்டுக்குள் ஒரே ஆர்டிஃபாக்ட் (டூலில் சேமித்த ஒரு ரிக்வயர்மென்ட்) இரண்டு மூன்று மாட்யூல்களில் உட்கார முடியும், அதனால் தனி ஆவணமாகக் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் தேவையென்றால் புது மாட்யூல் ஒன்று போதும், யாருடைய ஐடியும் மாறாது. பாதிப் பேருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும், மிச்சத்தைப் படிக்க வேண்டாம்.

வில்லங்கம் பார்ப்பது

நிலம் வாங்குகிறவர் முதலில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பார். அதே வேலைதான் இங்கேயும். நகரப் போகிற ஒவ்வொரு ரிக்வயர்மென்ட்டுக்கும் ஒரு வரி என்று ஒரு ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். ஐடி, இப்போது இருக்கும் இடம், போக வேண்டிய இடம். அப்புறம் முக்கியமானது: அதிலிருந்து வெளியே போகும் லிங்க் எத்தனை, வெளியிலிருந்து அதை நோக்கி வரும் லிங்க் எத்தனை, அவை எந்த டூலில் இருக்கின்றன. கூடவே அது எந்தெந்த பேஸ்லைனில் இருக்கிறது, அதன் மேல் முடியாத ரிவ்யூவோ சேஞ்ச் ரிக்வஸ்ட்டோ நிற்கிறதா, படம் டேபிள் எல்லாம் ஒட்டியிருக்கிறதா என்பதும்.

லிங்க்கின் திசையில்தான் நான் விழுந்தேன், அதனால் இதை மட்டும் நின்று சொல்கிறேன். திரையில் இரண்டு பக்கமும் லிங்க் தெரியும். தெரிவதால் இரண்டு பக்கமும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. டோர்ஸ் நெக்ஸ்ட்டில் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் (ஸ்ட்ரீம், பேஸ்லைன் வைக்கும் வசதி) போட்டுவிட்டால் லிங்க் ஒரு பக்கத்தில்தான் சேமிக்கப்படும், மறுபக்கம் தெரிவது தேடி எடுத்துக் காட்டுவது. டெஸ்ட் கேஸ் இந்த ரிக்வயர்மென்ட்டைச் சோதிக்கிறது என்ற லிங்க், டெஸ்ட் டூலின் பக்கத்தில் இருக்கிறது. அதாவது ரிக்வயர்மென்ட் டூலுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் எவ்வளவு கவனமாகக் காப்பி அடித்தாலும் அந்த லிங்க் என்னுடன் வராது; டெஸ்ட் டீம் அவர்கள் பக்கத்தில் புது ஐடியை நோக்கித் திருப்பினால்தான் உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தது என் தப்பு. அந்தத் தம்பி அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னைக்கு எதையும் நகத்தலையே அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஷீட்டை முடித்துவிட்டு, உள்வரும் லிங்க் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துங்கள். பூஜ்ஜியம் இருப்பவை சும்மா நகர்ந்துவிடும். மேலே பத்துப் பதினைந்து லிங்க் தாங்கி நிற்கும் சில இருக்கும், அவைதான் உங்களுடைய உண்மையான வேலை. பல நேரம் அவற்றை நகர்த்தவே கூடாது.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம்

எங்கள் புராடக்ட் காற்றாலைக்கான கண்காணிப்பு சிஸ்டம். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பி வரிசையாக நிற்கும். அதில் இப்படி ஒரு ரிக்வயர்மென்ட், எண் 4127 என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் சிஸ்டம் இறக்கைகளைத் திருப்பி டர்பைனை நிறுத்தி, கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் அனுப்பி, ஆபரேட்டரின் திரையில் சிவப்பு எச்சரிக்கை காட்ட வேண்டும்."

25 மீட்டர் என்பது மணிக்கு 90 கிலோமீட்டர், பல டர்பைன்களுக்கு நிறுத்த வேகம் அதுதான். எண்ணில் தகராறு இல்லை. இதை எந்தக் காம்பொனென்ட்டில் போடுவது என்பதுதான் தகராறு. நிறுத்துவது கன்ட்ரோலரின் வேலை, அனுப்புவது கேட்வேயின் வேலை, காட்டுவது திரையின் வேலை. நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், முதல் வேலை கன்ட்ரோலருடையதுதானே என்று முழுசாக அதைக் கன்ட்ரோலருக்குத் தள்ளிவிட்டேன். கேட்வே டீம் தங்கள் காம்பொனென்ட்டைத் திறந்து பார்த்தார்கள், தகவல் அனுப்புவது பற்றி ஒரு வரியும் இல்லை, சந்தோஷமாக விட்டுவிட்டார்கள்.

நில அளவையர் இதை எப்படிச் செய்வார்? 114 என்ற புலத்தை அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பிரித்தால் 114/1, 114/2, 114/3 என்று உட்பிரிவு செய்வார். 114 எங்கேயும் ஓடிப்போகாது. இங்கேயும் 4127-ஐ இருந்த இடத்திலேயே விடுங்கள், சிஸ்டம் காம்பொனென்ட்டில் அதுதான் தாய்ப் பத்திரம். கீழே மூன்று காம்பொனென்ட்டுகளிலும் மூன்று புது ரிக்வயர்மென்ட் எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் 4127-க்கு 'இதை நிறைவேற்றுகிறேன்' என்று லிங்க் போடுங்கள்.

எழுதும்போது வாசகத்தை அப்படியே மூன்றாக வெட்டினால் போதாது. கன்ட்ரோலருடையது: சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் இறக்கைகளைத் திருப்பி நிறுத்த வேண்டும், சராசரி என்றால் எத்தனை நிமிடச் சராசரி என்ற கேள்வி இங்கேதான் எழும், பதில் இங்கேதான் எழுதப்பட வேண்டும். கேட்வேயுடையது: கன்ட்ரோலரிடமிருந்து நிறுத்தச் செய்தி வந்ததும் மையத்துக்கு அனுப்ப வேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் எத்தனை தடவை முயல வேண்டும், அதுவரை எங்கே சேர்த்து வைக்க வேண்டும். திரையுடையது: நிறுத்தச் செய்தி கிடைத்தால் சிவப்பு எச்சரிக்கை, ஆபரேட்டர் பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் வரை அது போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் 25 மீட்டர் என்ற எண் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை மூன்று இடத்திலும் எழுதி வைத்தால், நாளைக்கு ஒரு மாடலுக்கு அது 23 ஆகும்போது ஒருவர் மாற்றுவார், இருவர் மறப்பார்கள்.

4127-ஐத் தாங்கி நின்ற டெஸ்ட் கேஸ்களும் இருந்தபடியே இருக்கும், ஏனென்றால் அவை முழு சிஸ்டத்தையும் சேர்த்துச் சோதிப்பவை. புதுசாக மூன்றுக்கும் தனித்தனி டெஸ்ட் வரும். என்னுடைய 180-இல் ஏறக்குறைய கால்வாசி இந்த மாதிரி, நகர்த்தவே கூடாத, உட்பிரிவு மட்டும் செய்ய வேண்டியவை.

டைப், ஆட்ரிபியூட்: பெயர் ஒன்று, ஆள் வேறு

காம்பொனென்ட்டுக்கு காம்பொனென்ட் டைப் (ரிக்வயர்மென்ட்டின் வகை) எல்லாம் தனி என்பது பலருக்குத் தெரியாது. இங்கே 'முன்னுரிமை' என்ற ஆட்ரிபியூட்டில் உயர்வு, நடுத்தரம், குறைவு என்று இருக்கும், அங்கே அதே பெயரில் 1, 2, 3 என்று இருக்கும். ஏற்றும்போது சில டூல் பிழை காட்டும், சில டூல் சத்தமில்லாமல் காலியாக விட்டுவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. ஏற்றுவதற்கு முன்னாலேயே, போகிற காம்பொனென்ட்டில் டைப்பும் ஆட்ரிபியூட்டும் மதிப்புகளும் இங்கே உள்ளதோடு ஒத்துப்போகும்படி செய்து வைத்துவிடுங்கள். டோர்ஸ் நெக்ஸ்ட்டில் என்றால் இரண்டு பக்கமும் அந்தந்த டைப்புக்கும் ஆட்ரிபியூட்டுக்கும் ஒரே யுஆர்ஐ (டூல் அடையாளம் காணும் முகவரி) கொடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, யுஆர்ஐ ஒன்றாக இருந்தால்தான் டூல் இரண்டையும் ஒரே ஆளாகப் பார்க்கும், பின்னால் ரிப்போர்ட் எடுக்கும்போது இதன் அருமை தெரியும்.

இதோடு 'பழைய ஐடி' என்று ஓர் எழுத்து ஆட்ரிபியூட்டையும் புதுக் காம்பொனென்ட்டில் சேருங்கள். இந்த ஒரு பத்தி மட்டும் நினைவில் நின்றாலும் போதும் எனக்கு. வாடிக்கையாளர் இரண்டு வருடம் கழித்து பழைய எண் ஒன்றைச் சொல்லி "இது என்ன ஆச்சு" என்று மெயில் போடுவார், அவருக்கு உங்கள் புது எண்ணெல்லாம் தெரியாது.

வேலையில் இறங்குவது

முதலில் பேஸ்லைன். நகரும் காம்பொனென்ட், சேரும் காம்பொனென்ட், டெஸ்ட் பக்கம், மூன்றிலும் ஒரே நாளில். பெயரில் தேதியும் 'பிரிப்புக்கு முன்' என்பதும் இருக்கட்டும். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம் யாரோ வேறு காரணத்துக்காக ஒரு பேஸ்லைன் எடுத்து வைத்திருந்ததால்தான் நான் தப்பித்தேன்.

அப்புறம் ஒரு சேஞ்ச் செட் (திருத்தங்களைத் தனியாகச் சேர்த்து வைத்து, பிறகு ஸ்ட்ரீமுக்கு டெலிவர் செய்யும் இடம்) திறந்து அதற்குள் வேலை செய்யுங்கள். ஸ்ட்ரீமில் நேராகக் கை வைக்க வேண்டாம். முதல் தடவை பத்தே பத்து ரிக்வயர்மென்ட். அதுவும் சுலபமான பத்து வேண்டாம். ஒரு டேபிள் உள்ளது, ஒரு படம் உள்ளது, லிங்க் அதிகம் உள்ளது, ரிவ்யூ குறிப்பு உள்ளது என்று தொல்லை பிடித்ததாகப் பார்த்துப் பொறுக்குங்கள். அந்தப் பத்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மிச்சம் ஓடிவிடும்.

எப்படி எடுத்துச் செல்வது? டூலுக்குள்ளேயே காம்பொனென்ட் விட்டு காம்பொனென்ட் குளோன் செய்யும் வசதி இருந்தால் அதையே முதலில் முயலுங்கள். இல்லையென்றால் ரெக்இஃப், டூல் விட்டு டூல் ரிக்வயர்மென்ட் கொண்டுபோகும் ஃபைல் வடிவம். ஜெர்மன் கார் கம்பெனிகள் தங்களுக்குள் ரிக்வயர்மென்ட் மாற்றிக்கொள்ள ஆரம்பித்தது, 2011-இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பின் தரமாக ஆனது. அதன் அமைப்பே அழகு: ரிக்வயர்மென்ட்டின் உள்ளடக்கம் ஓரிடத்தில், அது ஆவணத்தில் எங்கே உட்காருகிறது என்ற வரிசை இன்னோரிடத்தில், லிங்க்குகள் மூன்றாவது இடத்தில், ஒவ்வொன்றுக்கும் சொந்த அடையாளம். படங்கள், வடிவமைத்த எழுத்து எல்லாம் கூட வரும். எக்ஸெல், சிஎஸ்வி இரண்டும் கடைசி வழி. '±5°' என்று எழுதியது சிஎஸ்வி போய் வந்ததும் ஏதோ கிறுக்கலாக மாறியிருந்ததை நான் பார்த்தேன், '1-2' என்ற தலைப்பு எண்ணை எக்ஸெல் ஜனவரியாகவோ பிப்ரவரியாகவோ ஆக்கிவிடும், டேபிள்கள் கரைந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று பார்த்துச் சேமியுங்கள், எல்லா நெடுவரிசையையும் எழுத்து என்று குறித்துவிட்டுத் திறங்கள்.

ஏற்றியதும் தலைப்புகளைப் பாருங்கள். ரிக்வயர்மென்ட்டுகள் மட்டும் வந்து, அவற்றின் மேலே இருந்த தலைப்பும் விளக்கப் பத்தியும் பின்தங்கிவிட்டால், "மேற்கண்ட நிலையில்" என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் எதைச் சொல்கின்றன என்றே தெரியாமல் தொங்கும். அப்படி எழுதுவதே தப்பு, அது வேறு கதை.

லிங்க் திருப்புவது அடுத்து. வெளியே போகும் லிங்க்குகளை நீங்கள் போடுங்கள், உள்ளே வருவதை அந்தந்த டீம். அவர்களுக்குப் பழைய ஐடி, புது ஐடி என்று இரண்டு நெடுவரிசை ஷீட்டைக் கொடுத்துவிட்டு, இத்தனாம் தேதிக்குள் என்று சொல்லிவிடுங்கள். காம்பொனென்ட் தாண்டிப் போகும் லிங்க் தெரிய வேண்டுமென்றால் சம்பந்தப்பட்ட ஸ்ட்ரீம்கள் எல்லாம் ஒரே குளோபல் கான்ஃபிகரேஷனுக்குள் (பல காம்பொனென்ட்டுகளின் ஸ்ட்ரீம்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புக்குள்) இருக்க வேண்டும், நீங்களும் அதற்குள் நின்று பார்க்க வேண்டும். லிங்க் காணோம் என்று பதறி வருகிற கேஸ்களில் நிறைய இதுதான்; ஆள் சரியான இடத்தில் நின்று பார்க்கவில்லை.

பழையதை அழிப்பது கடைசிக்கும் கடைசி. முதலில் அதன் நிலையை 'இடம் மாறியது' என்று மாற்றி, புது ஐடிக்கு ஒரு லிங்க் போட்டு, திருத்த முடியாதபடி பூட்டி வையுங்கள். ஒரு முழு ரிலீஸ் தாண்டட்டும். எங்களுக்கு அது ஆடிக் காற்று முடியும் வரை என்று அர்த்தம், சீசனில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பற்றிப் புகார் வந்தால் பழைய எண்ணோடுதான் வரும். அதன் பிறகும், மாட்யூலிலிருந்து எடுப்பது வேறு, ஆர்டிஃபாக்ட்டையே அழிப்பது வேறு என்பதை நினைவில் வைத்து எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள். அதே ஆர்டிஃபாக்ட் இன்னொரு மாட்யூலிலும் உட்கார்ந்திருக்கலாம்.

சேஞ்ச் செட்டை டெலிவர் செய்வதற்கு முன் எண்ணிப் பார்ப்பது: போன ரிக்வயர்மென்ட்டும் சேர்ந்த ரிக்வயர்மென்ட்டும் சமமா, லிங்க் வகைவாரியாக முன்னும் பின்னும் எத்தனை, ஆட்ரிபியூட் காலியாக இருப்பவை எத்தனை. வித்தியாசம் ஒன்று வந்தாலும் அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்காமல் டெலிவர் செய்யாதீர்கள். பழைய காம்பொனென்ட்டை நம்பி யாராவது சேமித்து வைத்த வியூ, டாஷ்போர்டு, வாராந்திர ரிப்போர்ட் எல்லாம் தனியாக உடையும், அவற்றுக்குச் சொந்தக்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

போன வருடம் மறுபடியும் ஒரு பிரிப்பு வந்தது, இந்தத் தடவை 300-க்கும் மேல். ஷீட்டை எடுத்துக்கொண்டு முதலில் டெஸ்ட் தம்பியிடம்தான் போனேன். புரட்டிப் பார்த்தான், உள்வரும் லிங்க் நெடுவரிசையில் ஏழு வரி தப்பு என்று காட்டினான், திருத்திக் கொடுத்தான். "செவ்வாய்க்கிழமை ஆரம்பிங்க அண்ணாச்சி," என்றான். "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்."